பல்லிச் சூப்

திங்கட்கிழமை. காலை இடைவேளை.

அண்டா விளிம்புவரை நிறைந்திருந்தது. விபரீதம் அதுதான்.

மற்ற நாட்களில் மணி அடித்த கொஞ்ச நேரத்திலேயே அடி தெரிந்துவிடும். கைப்பிடி வைத்த எனாமல் கப்புகள் கைக்குக் கை பறக்கும். பிள்ளைகள் நின்றபடியே ஊதி ஊதிக் குடித்துவிட்டு, முதல் தடவை வருவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நுழைவார்கள். இன்று அத்தனை கப்புகளும் ஆணிகளில் காய்ந்து தொங்கின. பிள்ளைகள் மைதானத்தின் அந்தக் கோடியில் கும்பலாக நின்று சமையலறையை வேடிக்கை பார்த்தார்கள்.

சமையலறை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைய சூப்பின் பெயரை அதில் எழுதுவது சமையலம்மாவின் வேலை. ‘தக்காலி சூப்பு’ என்று எழுதுவார். மகனைக் கொண்டுவிட வரும் பெற்றோர் சங்கச் செயலாளர் அதை அழித்து ‘தக்காளிச் சூப்’ என்று மாற்றிவிட்டுப் போவார். அச்சகத்தில் பிழை திருத்துவது அவருடைய தொழில். ஊர் வைத்த பெயர் ‘திருத்தம்’. இரங்கல் செய்தியில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தால், முதலில் அதைச் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் அனுதாபம் தெரிவிப்பார். ஒருநாள் பெற்றோர் பலர் நிற்கும்போது சமையலம்மா, “நாக்குக்கு எழுத்துப் பிழை தெரியாது சார், நீங்க குடிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இன்று பலகை வெறுமையாக இருந்தது.

பள்ளி நூலகர் வழக்கம்போல ஒரு கப்பை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினார். சமையலம்மாவின் கரண்டி நகரவில்லை.

“பாத்துக் குடிங்க. பல்லி கிடக்குதாம்.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்.”

“எல்லாரும்னு ஒரு ஆள் கிடையாதுக்கா. ஊத்துங்க.”

நூலகர் குடித்தார். நன்றாகவே இருந்தது. வாரம் ஒருமுறை ஒன்பதாம் வகுப்புக்கு இவர் ஒரு பாடம் எடுக்கிறார். இணையத்தில் வரும் செய்தி மெய்யா பொய்யா என்று சோதிக்கும் பாடம். மூச்சுக்கு மூச்சு ‘யார் சொன்னா’ என்று கேட்பதால், பிள்ளைகள் அதையே இவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

தலைமை ஆசிரியையின் அறையில் விஷயம் முழுதாகத் தெரிந்தது. சனிக்கிழமை இரவு தொடங்கி ஒவ்வொரு பெற்றோர் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்த செய்தி அது. கீழே ஒரு படம். வெள்ளைக் கிண்ணத்தில் சிவப்புச் சூப், ஓரத்தில் ஒரு ஸ்பூன், நடுவில் செத்த பல்லி. மேலே வாசகம்:

‘பெற்றோர் கவனத்திற்கு. நம் பிள்ளைகள் குடிப்பது பல்லிச் சூப். மூன்று குழந்தைகளுக்கு வாந்தி. பாதிக்கப்பட்ட ஒரு தாயே எழுதியிருக்கிறார். உடனே பகிரவும்.’

மாலை நான்கு மணிக்குப் பெற்றோர் கூட்டம். சமையலறையை மூடுவதா, சமையலம்மாவை அனுப்பிவிடுவதா என்று கைதூக்கச் சொல்லி முடிவெடுப்பார்கள். அதன்பிறகு தன் கையில் ஒன்றுமில்லை என்றார் தலைமை ஆசிரியை. இந்தப் பெயரோடு வெளியே போனால் சமையலம்மாவை வேறு எந்த அடுப்படியிலும் சேர்க்க மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. கைப்பேசியில் வந்து குவிந்திருந்த விடுப்புச் செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

“தையல்காரம்மாவைப் பாருங்க. ‘பிள்ளையை பல்லிக்கு அனுப்ப பயமா இருக்கு’ன்னு எழுதியிருக்காங்க. பயத்துல பள்ளியே பல்லியாயிடுச்சு.”

நூலகரும் சிரித்துவிட்டு எழுந்தார்.

இடைவேளைக்கு அடுத்தது அவருடைய வகுப்பு. அந்தச் செய்தியை ஒரு புள்ளிகூட மாற்றாமல் கரும்பலகையில் எழுதினார். வகுப்பு அடங்கிப்போனது. காரணம், இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் சமையலம்மாவின் மகள்.

முதலில் வாயைத் திறந்தவன் ‘ரேடியோ’. தையல்காரம்மாவின் மூத்த மகன்; பேச ஆரம்பித்தால் அணைக்கும் பொத்தான் கிடையாது. குற்றவாளியைத் தான் நேற்றே கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தான். கேட்டுக்கு வெளியே பன் விற்கும் கடைக்காரர். சூப் வந்த நாளிலிருந்து அவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. வேறு யாருக்கு லாபம்? வகுப்பே தலையாட்டியது.

“லாபம் இருக்கிறவன் எல்லாம் செஞ்சவன்னா, மழை பெய்யறதுக்குக் குடைக்கடைக்காரன்தான் காரணம்” என்றார் நூலகர். “வேற?”

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“பன் கடை மாமா தினமும் எங்கம்மாகிட்ட மிச்ச சூப் வாங்கிக் குடிக்கிறவரு, டீச்சர். அது இருக்கட்டும். செய்தி உண்மையாவும் இருக்கலாம்ல? அதையும்தானே முதல்ல பாக்கணும்.”

ரேடியோ அவள் பக்கம் திரும்பினான்.

“பாக்கணும்” என்றார் நூலகர். “அது உண்மைன்னு வந்தா?”

“வந்தா வரட்டும்.”

செய்தியை மூன்று துண்டாக உடைத்தார்கள். வாந்தி ஒன்று. படம் ஒன்று. வந்த வழி ஒன்று.

வாந்தி முதலில் விழுந்தது. வெள்ளிக்கிழமை யாரும் முதலுதவி அறைப் பக்கம் வரவில்லை. சனி, ஞாயிறிலும் எந்தப் பிள்ளையாவது வாந்தி எடுத்ததாக யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது ‘மூன்று’ என்ற எண்ணிக்கை மட்டும். வெள்ளிக்கிழமைச் சூப்பைத் தன் தம்பி வயிறு முட்டக் குடித்துவிட்டு, மறுநாள் வீட்டுக் கூரையில் ஏறி அடி வாங்கினான் என்று ரேடியோ சாட்சி சொன்னான்.

படத்தை நூலகக் கணினியில் ஏற்றித் தேடினார்கள். அதே கிண்ணம், அதே பல்லி, ஆனால் பக்கம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல. புரியாத மொழியில் ஏதோ ஓர் உணவகத்தைப் பற்றிய பழைய பக்கம். யாரோ எடுத்து, திருப்பிப் போட்டிருக்கிறார்கள். சமையலம்மாவின் மகளுக்கு இந்தத் தேடலே தேவைப்படவில்லை.

“ஸ்பூன் இருக்கே” என்றாள். “நம்மகிட்ட ஏது ஸ்பூன்? கிண்ணமே கிடையாது.”

அத்தனை பேரும் பார்த்த படம். தினமும் கப்பில் குடித்த பிள்ளைகள். பல்லியைப் பார்த்த கண் வேறெதையும் பார்க்கவில்லை.

மூன்றாவது, வந்த வழி. உங்கள் வீட்டுக்கு யார் அனுப்பினார்கள், அவர்களுக்கு யார் என்று கேட்டுக் கேட்டுப் பலகையில் அம்புக்குறி போட்டார்கள். பெரியப்பா, பக்கத்து வீட்டு அத்தை, பால்காரர், சித்தியின் தோழி என்று பலகை சிலந்திவலை ஆனது. பாட வேளை முடியும்போது அம்புகள் எல்லாம் ஓர் இடத்தில் போய்க் குத்தின: பள்ளி வேன் டிரைவர். வேனில் வரும் பிள்ளைகளின் வீடு ஒன்று விடாமல் அவர்தான் அனுப்பியிருந்தார்.

மதியம். வேன் கேட்டருகே நின்றது. டிரைவர் கைப்பேசியைத் தயங்காமல் நீட்டினார். நூலகரோடு ரேடியோவும் சமையலம்மாவின் மகளும் எட்டிப் பார்த்தார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்த பிரதிகளின் தலையில் ‘பகிரப்பட்டது’ என்ற சின்ன அடையாளம் இருந்ததைப் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். இதில் அது இல்லை. அதாவது, இதை அனுப்பியவர் வேறெங்கிருந்தோ தள்ளிவிடவில்லை, தானே போட்டிருக்கிறார்.

அனுப்பியவர் பெயர்: திருத்தம் சார்.

“ஒரு வார்த்தை கேக்காம ஊருக்கே அனுப்பிட்டீங்களேண்ணே” என்றார் நூலகர்.

“சாரு அனுப்பினா அதுல தப்பு இருக்குமா மேடம்? படிச்சுப் பாருங்க, ஒரு எழுத்துப் பிழை உண்டா?”

சமையலம்மாவின் மகள் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பல்லிச் சூப்” என்று மெல்லப் படித்தாள். “அந்த ‘ச்’ அவரோடதுதான். எங்கம்மா பலகையிலயும் இப்படித்தான் போட்டுட்டுப் போவாரு.”

மூன்றரை மணி. கூட்டத்துக்கு முன்கூட்டியே வந்த திருத்தத்தை நூலகர் நூலகத்துக்கு அழைத்தார். அவர் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“செய்தி நீங்க எழுதினதா சார்?”

“ஆமா.”

“படம்?”

“இணையத்துல எடுத்தது. ஜனங்களுக்குப் படம் இருந்தாத்தான் உறைக்கும்.”

“மூணு பிள்ளைங்களுக்கு வாந்தி?”

“அது பரவும்போது கூடக்குறைய ஆகியிருக்கலாம்.”

“முதல் பிரதியிலேயே இருக்கே.”

அவர் கைப்பேசியை எடுத்து, ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் குழுவைத் திறந்து மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை தையல்காரம்மா எழுதியது:

‘இன்னைக்கு பல்லி சூப்பு சின்னவன் மூனு கப் குடிச்சான்’

“ஒரு தாய் எழுதியிருக்கா. நான் படிச்சேன், பதறினேன், நாலு பேருக்குச் சொன்னேன். இதுல என் தப்பு என்ன? கேக்கிறதா இருந்தா அந்தம்மாவைக் கேளுங்க.”

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். நூலகர் அப்படியே உட்கார்ந்திருந்தார். படம் பொய், வாந்தி பொய். ஆனால் அந்த ஒற்றை வரி மெய். ஒரு தாய் எழுதியிருக்கிறாள். கூட்டத்தில் அவர் இதைக் காட்டினால், ஸ்பூனைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

தையல்காரம்மா கூட்டத்துக்கு வந்து, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து, வராந்தாவில் நின்றிருந்தார். நூலகர் அவரை ஓரமாக அழைத்தார்.

“வெள்ளிக்கிழமை குழுவுல என்ன எழுதினீங்க?”

“நானா? சின்னவன் சூப்பு குடிச்ச கதையைச் சொன்னேன். சோறுன்னாலே கட்டிலுக்கு அடியில ஓடுற பையன் மேடம்.”

“இன்னிக்கு அவனை ஏன் அனுப்பலை?”

“பல்லி கிடந்துச்சுன்னு செய்தி வந்துச்சே. யாரோ ஒரு தாய் எழுதினாங்களாம். பயமாயிருக்காதா?”

நூலகர் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு கைப்பேசியைக் கேட்டு வாங்கினார். தமிழை எப்படி அடிப்பீர்கள் என்று கேட்டார். இங்கிலீஷ் எழுத்தில் ‘பல்லி’ என்று ஒலிக்கிற மாதிரித் தட்டினால் மேலே வார்த்தைகள் வரும், முதலில் வருவதைத் தொட்டுவிடுவேன் என்றார் தையல்காரம்மா. நூலகர் குழுவின் பழைய உரையாடல்களை வெகுதூரம் மேலே தள்ளிக்கொண்டு போனார். இரண்டு இடத்தில் நின்றார். இரண்டு வரிகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

மாலை நான்கு. கூடம் நிரம்பி, ஜன்னல்களிலும் ஆட்கள். சமையலம்மா கடைசி வரிசையில், மகள் பக்கத்தில். திருத்தம் பேசினார், ஓர் ஒற்றுகூட விட்டுப்போகாத பேச்சு. பிள்ளைகளின் உயிர் விளையாட்டுப் பொருள் அல்ல என்றார். அறியாமை மன்னிக்கத்தக்கது, அலட்சியம் மன்னிக்கத்தக்கதல்ல என்றார். ஒரு தாயின் வாக்குமூலம் தன்னிடம் இருப்பதாகக் கைப்பேசியை உயர்த்திக் காட்டினார். கைதட்டல் எழுந்தது.

தலைமை ஆசிரியை கைதூக்கச் சொல்வதற்கு முன் நூலகர் எழுந்தார். அந்த வாக்குமூலத்தை எல்லோரும் படித்துவிட்டே முடிவெடுக்கட்டும் என்றார். ஆனால் எழுதிய அம்மாவின் தமிழ் கொஞ்சம் கரடுமுரடு. பிழை திருத்த நம்மிடையே செயலாளரைவிடத் தகுந்தவர் யார் என்று கேட்டார். கூடத்தில் சிரிப்பு. திருத்தம் பெருந்தன்மையாகத் தலையசைத்துச் சுண்ணாம்புக் கட்டியை வாங்கினார்.

நூலகர் பலகையில் மூன்று வரிகளை எழுதியிருந்தார். மூன்றும் தையல்காரம்மாவுடையவை.

‘நாலைக்கு பல்லி உண்டா’

திருத்தம் ‘நாலைக்கு’ என்பதை அடித்து ‘நாளைக்கு’ என்றார். ‘பல்லி’யை அடித்துப் ‘பள்ளி’ என்றார். தையல்காரம்மாவே வாயைப் பொத்திச் சிரித்தார்.

‘பல்லி வேன் இன்னும் வரல’

‘பள்ளி வேன் இன்னும் வரவில்லை’. கை தானாக ஓடியது.

‘இன்னைக்கு பல்லி சூப்பு சின்னவன் மூனு கப் குடிச்சான்’

‘இன்னைக்கு’ என்பது ‘இன்று’ ஆனது. அடுத்த சொல்லின்மேல் சுண்ணாம்புக் கட்டி வைக்கப்பட்டது.

நகரவில்லை.

கூடம் காத்திருந்தது. அவர் கட்டியை எடுத்தார். அந்தச் சொல்லைத் தாண்டி, ‘மூனு’ என்பதை ‘மூன்று’ என்று திருத்தினார். எழுத்து கோணலாக விழுந்தது. கட்டியை மேசையில் வைத்தார்.

“சார், இன்னொன்னு விட்டுட்டீங்க” என்றார் தையல்காரம்மா, கள்ளமில்லாமல். “மேல ரெண்டையும் மாத்தினீங்களே. அதேதான் இது. எனக்கு அந்த ‘ள’ வரவே வராது.”

யாரோ மூன்றாவது வரியை வாய்விட்டுப் படித்தார்கள். பள்ளி சூப்பு. சின்னவன் மூணு கப் குடிச்சான். ஜன்னலோரம் நின்ற வேன் டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“இதுல பல்லியே இல்லை” என்றார் நூலகர். “இது பாராட்டு. சோறு திங்காத பிள்ளை மூணு கப் குடிச்சிருக்கான். அந்த மூணு கப்தான் மூணு குழந்தையாச்சு. எண்ணிக்கை மாறலை, எண்ணின பொருள் மாறிடுச்சு.”

தையல்காரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ‘ஒரு தாய்’ தானேதான். தன்னுடைய செய்திக்குப் பயந்துதான் தன் பிள்ளையை வீட்டில் பூட்டி வைத்திருக்கிறார்.

திருத்தம் தொண்டையைச் செருமினார். எழுதியதை எழுதியபடி படித்தது தன் குற்றமா என்று கேட்டார். இங்கே இருக்கும் எவரும் அப்படித்தானே படித்திருப்பார்கள்?

“ஆமா சார்” என்றார் நூலகர். “தப்பா படிக்கிற உரிமை இங்க எல்லாருக்கும் உண்டு. உங்களுக்கு மட்டும் இல்லை.”

தையல்காரம்மாவின் கைப்பேசியை முன்வரிசைக்குக் கொடுத்தார். முதல் வரியின் கீழே, அடுத்த நிமிடமே வந்த பதில்: ‘பல்லி அன்று, பள்ளி. திருத்திக்கொள்ளவும்.’ இரண்டாவதின் கீழே: ‘மீண்டும் பல்லி. பள்ளி எனத் திருத்துக.’ இரண்டும் செயலாளர் எழுதியவை. வெள்ளிக்கிழமை வரியின் கீழே மட்டும் ஒன்றுமில்லை.

“நாங்க காலையிலேர்ந்து எழுதினதையே தேடினோம். எழுதாததைப் பாக்கலை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சும்மா இருக்காதவர், ஒரு வரியில இத்தனை பிழையைப் பாத்துட்டு ஏன் பேசாம இருந்தார்? திருத்தினா அது வெறும் பள்ளி சூப்பு. விட்டுட்டா பல்லி சூப்பு. பின்னால யாராவது பிடிச்சா, எழுதினது அந்தம்மான்னு கைகாட்டிடலாம். மறுநாள் ராத்திரி படத்தைத் தேடி எடுத்தார், வாந்தியைச் சேத்தார். ஆனா பழக்கம் விடலை. பல்லிக்குப் பக்கத்துல ஒரு ‘ச்’சைப் போட்டுத்தான் அனுப்பினார்.”

திருத்தம் சமையலம்மா இருந்த பக்கம் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

“எல்லார் முன்னாடியும் சிரிச்சாங்க.”

எதற்கு என்று பலருக்கு நினைவுகூட இல்லை. சமையலம்மாவுக்கு இருந்தது.

“நீங்களும் சிரிச்சீங்களே சார்” என்றார். “பிடிக்கலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆகாதா?”

கைதூக்கச் சொல்ல இனி ஏதும் இல்லை என்று தலைமை ஆசிரியை அறிவித்தார். செயலாளர் பதவி என்ன ஆவது என்பதைச் சங்கம் நாளைக்குக் கூடிப் பேசட்டும் என்றார். நாற்காலிகள் நகரும் சத்தம் எழுந்தது.

“இருங்க” என்றாள் சமையலம்மாவின் மகள். “இங்க இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அந்தச் செய்தி போன எல்லா இடத்துக்கும் இது போகணுமே.”

யார் அனுப்புவது என்று பேச்சு எழுந்தது. தலைமை ஆசிரியை அனுப்பலாம் என்றார் ஒருவர். பள்ளிக்கூடம் மூடி மறைக்கிறது என்பார்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லோருடைய பார்வையும் ஒரே ஆளிடம் போய் நின்றது. எவர் அனுப்பியதை ஊர் கேள்வி கேட்காமல் நம்பியதோ, அவரிடமே.

திருத்தம் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினார். வழக்கமாக வேகமாக ஓடும் விரல் இன்று எழுத்துக்கு எழுத்து நின்றது. முடித்துவிட்டு நூலகரிடம் நீட்டினார். நூலகர் அதை வாங்காமல் சமையலம்மாவின் மகள் பக்கம் கைகாட்டினார்.

‘பெற்றோர் கவனத்திற்கு. பள்ளிச் சூப்பில் பல்லி இல்லை. எவருக்கும் வாந்தி இல்லை. படம் இங்கே எடுத்ததன்று. தவறுதலாக ஒரு பொய்ச் செய்தி பரவியது. வருந்துகிறோம்.’

அவள் இரண்டு தடவை படித்தாள்.

“ஒரு பிழை இருக்கு சார்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். முதலிலிருந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். “எங்கே? ஒற்றெல்லாம் சரியா இருக்கே.”

“வினைச்சொல் தப்பு. ‘பரவியது’ன்னா அது தானா பரவினதுன்னு ஆகும். தீ மாதிரி, எண்ணெய் மாதிரி. இது தானா பரவலையே.”

ரேடியோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். நூலகர் அவன் தோளில் கை வைத்தார்.

திருத்தம் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக் கடைசி வரிகளை அழித்தார். ‘தவறுதலாக’ போனது. ‘பரவியது’ போனது. ‘வருந்துகிறோம்’ போனது. புதிதாகத் தட்டியது ஒரு வரிதான்.

‘அந்தப் பொய்ச் செய்தியை நானே எழுதிப் பரப்பினேன், வருந்துகிறேன்.’

அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. கீழே இறங்கவில்லை. கைப்பேசியை அவளிடமே நீட்டினார்.

அவள் இன்னொரு தடவை படித்தாள். இப்போது பிழை எதுவும் இல்லை. அழுத்தினாள்.